திட்டாவிட்டால் சரி

எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பொது மண்டபத்துக்கு மூன்று பழைய கம்பியூட்டர்கள் வந்தன. ஒன்றுக்கும் மவுஸ் இல்லை. லினக்ஸாம், கறுப்புத் திரையில் எழுத்தைத் தட்டித்தான் வேலை வாங்க வேண்டுமாம். கற்றுக்கொடுக்கப் பதுளையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். படிக்க ஒன்பது பேர். வெள்ளிக்கிழமை பரீட்சையில் தேறும் மூவருக்கு மட்டுமே நாற்காலி; மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முதல் நாளே டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாட்டி, நீங்க பின்னாடி உக்காந்து சும்மா பாருங்க."

"பாக்குறதுக்கு வீட்டுல டீவி இருக்கு டீச்சரம்மா. நான் தட்ட வந்திருக்கேன்."

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஏபிசிடி தெரியும், கோர்த்துப் படிக்க வராது. ஆனால் இங்கே cp, mv என்று எல்லாம் முழுசாகாத சொற்கள். படித்தவர்களுக்கும் அதற்கு அர்த்தம் தெரியவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே லயத்து வீட்டுக்காரர்கள்.

நான் தப்பாகத் தட்டினால் திரை ஒரு வரி இங்கிலீஷில் கத்தும். படிக்கத் தெரியாவிட்டாலும் திட்டு என்றால் எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை வந்தது. புது ஃபோல்டர் ஒன்று செய்து, மூன்று ஃபைல்களை அதற்குள் மாற்ற வேண்டும். mkdir தட்டினேன், சத்தமில்லை. mv தட்டினேன், அதற்கும் சத்தமில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயாவின் மகள், ஏ.எல். பரீட்சை வரை படித்துப் பாஸானவள். அவளுக்கும் திரை ஒன்றும் சொல்லவில்லை. வேலை ஆகவில்லை என்று நினைத்து அதையே மறுபடி தட்டினாள். இப்போது திரை கத்தியது.

"ஐயோ டீச்சர், ஃபைலக் காணோம்!"

"பசறை பஸ்ஸு எப்பவோ போயிருச்சு புள்ள. போன பஸ்ஸுக்குக் கை காட்டுனா?" என்றேன். "உள்ள பாரு, இருக்கும்."

ஃபைல்கள் ஃபோல்டருக்குள்தான் இருந்தன. டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏன் பாட்டி நிறுத்திட்டீங்க?"

"அது திட்டலியே. முப்பது வருஷம் கொழுந்து எடுத்தேன். எந்தக் கங்காணியாவது நல்லா எடுத்தேன்னு ஒரு வார்த்த சொன்னானா? வாயத் தொறக்கலன்னா சரியா செஞ்சிருக்கேன்னு அர்த்தம்."

டீச்சர் ls தட்டிப் பார்த்தார். மூன்று ஃபைல்களும் வரிசையாக நின்றன. ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த ஆளிடம் போனார்.

திட்டவில்லையே. திங்கட்கிழமை, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டிய பழைய படங்குச் சாக்கை நாலாக மடித்து அந்த நாற்காலியில் போட்டு உட்கார்ந்தேன்.