தெம்யான் எடை குறைத்த வியாழக்கிழமை

சொந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே தினமும் தேநீர் குடிப்பது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று தெம்யான் லபானவைத்தான் கேட்க வேண்டும். அவன் சமையலறை ஜன்னலுக்கு எதிரே நிற்கும் ஐந்து மாடிக் கட்டடத்தின் பக்கச்சுவர் முழுக்க அவன்தான். வலது கால் உயர்ந்திருக்கும், நீளப் பின்னல் காற்றில் பறக்கும், இடுப்பில் சாம்பியன் பெல்ட் மின்னும். செர்னி லோக் என்ற அந்தச் சைபீரிய ஊரின் சுரங்கத்துக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வரைய வைத்த படம். ஓவியர் தயவு பார்த்து மூக்கை மட்டும் நேராக்கிவிட்டார்.

பள்ளிக்கூடத்து வயதில் ஊர்ப் பொது அரங்கான பண்பாட்டு மாளிகையின் நிலவறைக்கு அவன் முதலில் போனது கிக்பாக்ஸிங் படிக்க அல்ல. அங்கே வெந்நீர்க் குழாய் ஓடியதால் கதகதப்பாக இருக்கும், அவ்வளவுதான். பயிற்சியாளர் லூகிச் அவன் கையில் குத்துச்சண்டை உறையை மாட்டிவிட்டார். பிறகு கெமெரவோ, நவசிபீர்ஸ்க், மாஸ்கோ என்று ஊர் ஊராக அடித்தான், அடி வாங்கினான். தொழில்முறை ஆட்டக்காரனாகி எழுபது கிலோ பிரிவில் பெல்ட்டும் வாங்கினான். அன்றிலிருந்து ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. இறங்கத்தான் விடவில்லை.

முப்பத்தைந்து வயது உடம்பு எழுபது கிலோவில் நிற்குமா? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஈரத்துணியைப் போலத் தன்னைப் பிழிந்துகொண்டுதான் எடைமேடையில் ஏறினான். கடைசி இரண்டு முறையும் சிறுநீர் சிவப்பாகப் போனது. "இன்னொரு தடவை இப்படி வத்தினா கிட்னி உங்ககூட வராது" என்றார் கெமெரவோ டாக்டர். இதை அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

விலகிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் செர்னி லோக்கில் வாழ்ந்து பார்த்ததில்லை. இடுப்பில் பெல்ட் இருக்கும்போது அங்கே யாரும் விலகுவதில்லை. நோய் என்று சொன்னால் ஊரே பரிதாபப்படும், அதற்கு அடி வாங்குவதே மேல். தோற்றுவிடலாம் என்று போன வசந்தத்தில் தோம்ஸ்க்கில் முடிவு கட்டியும் பார்த்தான். எதிராளி அடித்ததும் இவன் கால் தன்னால் எழும்பியது, அவன் விழுந்துவிட்டான். கேடுகெட்ட கால்!

மிச்சமிருந்தது ஒரே வழி. எடை கூடிப் போனால் பெல்ட் தானாகப் பறிபோகும். வாயைக் கட்டத் தெரியாதவன் என்று நாலு நாள் திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். அதனால் மனைவி உஸ்தீன்யா முடிதிருத்தகத்துக்கு வேலைக்குப் போன நேரமெல்லாம் பால்கனிக்குப் போய், குளிர்காலத்துக்குப் போட்டு வைத்திருந்த வெள்ளரி ஊறுகாய் ஜாடிகளைத் திறந்து, உப்புத் தண்ணீரோடு குடித்தான். உப்பு உள்ளே போனால் உடம்பு தண்ணீரை வெளியே விடாது.

வியாழக்கிழமை காலை லூகிச் எடை பார்க்கும் கருவியோடு வந்தார். உஸ்தீன்யா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாங்க லூகிச். பால்கனியில ரெண்டு ஜாடி காலி. வெள்ளரியும் இல்ல, தண்ணியும் இல்ல. எங்க வீட்டுக்கு வந்து போறது நீங்க ஒருத்தர்தான்."

"நானா? என் பல்லுக்கு வெள்ளரி ஒரு கேடாம்மா? டேய் தெம்யா, ஏறுடா இதுல."

ஏறினான். எடையைப் பார்த்து லூகிச் தலையில் அடித்துக்கொண்டார். நாளைக்குப் பட்டத்துக்கான ஆட்டம், இன்று சாயங்காலம் எடை கொடுக்க வேண்டும், இரண்டு கிலோவுக்கு மேல் கூடுதல். தெம்யானுக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"அவ்வளவுதான் போல, லூகிச். இனிமே என்ன பண்றது?"

"என்ன பண்றதா? குளியலறைக்கு நடடா!"

"இன்னிக்குப் பொம்பளைங்க நாளாச்சே."

வியாழக்கிழமை நகராட்சி நீராவிக் குளியலறையில் ஆண்கள் கால் வைக்க முடியாது. அதையும் கணக்குப் போட்டுத்தான் அவன் குடித்திருந்தான். ஆனால் அங்கே போனால், வாரம் முழுக்க இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்த பெண்கள், வாளியும் வேர்ப்பதற்காக உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக் கட்டுமாக வரிசையிலிருந்து விலகி வழி விட்டார்கள். அடுப்பு பார்க்கும் ஃபயீனா அக்கா உள்ளே இருந்தவர்களையும் துண்டோடு விரட்டினாள்.

"நம்ம பையனுக்குத்தான்! கிளம்புங்கடி, அழுக்கோட ஒரு வாரம் இருந்தா செத்தா போயிருவீங்க?"

உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மேல்தட்டில் படுக்க வைத்து லூகிச் இலைக் கட்டால் விளாசினார். நீராவி தொண்டையை அடைத்தது. மூலையிலிருந்த குளிர்ந்த நீர் வாளியில் தெம்யான் முகம் கழுவுவது போல வாயை வைத்தான். ஃபயீனா அக்கா பார்த்துவிட்டாள். வாளி வெளியே போனது.

வெளியே பனியில் நின்ற பெண்கள் கதவைத் தட்டித் தட்டிக் கேட்டார்கள்.

"தெம்யா, வேர்த்துச்சா?"

"வேர்க்கலன்னா சொல்லு, நாங்க உள்ள வர்றோம். தானா வேர்க்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். தெம்யானுக்கு அழ வேண்டும் போலிருந்தது, அழுவதற்கும் உடம்பில் தண்ணீர் இல்லை. முதுகின் கீழ்ப்பக்கம் இருபுறமும் விண்விண்ணென்று தெறித்தது. எழுந்து கதவைத் திறந்து போய்விடலாம். திறந்தால் அத்தனை முகங்களும் நிற்கும். அடித்துத் தள்ள எதிராளி ஒருவன் நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மாலையில் பண்பாட்டு மாளிகை மேடையில் எடைமேடை ஏறியபோது, இன்னும் நூறு கிராம் கூடுதல். அரங்கமே உச்சுக் கொட்டியது. தெம்யான் கண்ணை மூடிக்கொண்டான். முடிந்தது, கடவுளே, முடிந்தது.

"இருங்க!" என்று கைப்பையைத் திறந்தபடி உஸ்தீன்யா மேடைக்கு ஓடி வந்தாள். கையில் கத்தரிக்கோல்.

"உஸ்த்யா, வேணாம்" என்றான் மெல்ல.

"முடிதானே, வளரும். ஆடாம நில்லு."

பின்னல் விழுந்தது, தாடியும் போனது. அரங்கம் கைதட்டியது. எண் இறங்கி எழுபதில் நின்றது. லூகிச் கதறி அழுது அவன் கத்தரித்த தலையில் முத்தமிட்டார்.

மேடைக்குப் பின்னால் உஸ்தீன்யா தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் கழிவறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். திறந்திருந்த கதவு வழியே அவள் உள்ளே பார்த்தாள். சிவப்பு நிறம் தெரிந்தது. டம்ளர் கையிலேயே நின்றது.

"அந்த வெள்ளரித் தண்ணி... எடை கூடணும்னு நீதான் குடிச்சியா?"

தலையாட்டினான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, பாவி."

"சொல்ல வந்தேன். உன் கையில கத்தரிக்கோல் இருந்துச்சு."

அவள் அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு நீ ஆட்ட மேடை ஏறக்கூடாது. நானே போய்ச் சொல்றேன், எல்லார்கிட்டயும்."

தெம்யான் அவளை ஜன்னலருகே கூட்டிப்போனான். கீழே, மிச்சமிருக்கும் சூட்டிலாவது குளித்துவிடலாம் என்று பெண்கள் வாளியோடு குளியலறைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் ஒருத்தி நின்று, குளித்து வந்தவர்களை வாழ்த்துகிற மாதிரியே கையை ஆட்டிக் கூவினாள்.

"குளிச்ச உடம்பு லேசா இருக்கட்டும், சாம்பியன்!"

"எனக்காக அவங்க இன்னும் குளிக்கக்கூட இல்ல, உஸ்த்யா" என்றான் அவன். "போய்ச் சொல்லு."

அவள் போகவில்லை.