கேட்டு வருபவர்களுக்கு மட்டும்

2016-ம் வருடம், முழு ஆண்டுத் தேர்வு நேரம். அப்போது நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை, எனக்குப் பள்ளியில் ஆசிரியை வேலை. வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் மட்டும்தான். அவருக்கு ஸ்கூட்டரைத் தாண்டி ஆசை போனதில்லை. நான் ஆசைப்பட்டு வாங்கிய சின்னக் கார் அது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

பரீட்சை முடிந்த மகளை அழைத்துக்கொண்டு ஒரு மதியம் வந்துகொண்டிருந்தேன். பள்ளி விட்ட நேரம் என்பதால் ரோடு முழுக்க சைக்கிள் பிள்ளைகள். எங்கள் பிளாக்குக்குத் திரும்பும் இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். பாதியிலேயே இறுகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. வண்டி நேராகப் பிள்ளைகள் பக்கம் போகிறது. எப்படி பிரேக்கை மிதித்தேனோ தெரியாது. பயந்துபோய் சைக்கிளோடு கீழே விழுந்த ஒரு பெண்ணுக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது. நல்லவேளை, அவளுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. "ஒண்ணும் இல்ல ஆன்ட்டி, அழாதீங்க" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

வண்டியை அணைத்து மறுபடி கிளப்பினால் ஸ்டீயரிங் எதுவும் நடக்காத மாதிரி லேசாகச் சுற்றுகிறது!

கணவரோடு கடலூர் ஷோரூமுக்குப் போனேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு வந்த சர்வீஸ் மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கணவரிடம்தான் பேசினார்.

"சார், குறை எதுவும் காட்டல. மேடத்த திருப்பத்துல மெதுவா போகச் சொல்லுங்க. லேடீஸ் டென்ஷன்ல ஸ்டீயரிங்க இறுக்கிப் புடிச்சிடுவாங்க."

"எனக்கு கார் ஓட்டவே தெரியாதுங்க. ஓட்டறவங்க இங்க நிக்கறாங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார் கணவர். மேனேஜர் அதையும் ஒரு ஜோக் மாதிரி சிரித்தே தள்ளிவிட்டார். கம்பெனிக்கு போன் செய்தால், புகார் பதிவாகிவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நம் கைதான் சரியில்லையோ என்று.

பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் அதே மாதிரி கார் ஒன்று நிற்பதைப் பார்த்தேன். பக்கத்து ஊரான வடக்குத்தைச் சேர்ந்த ஒருவருடையது. சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டு, பழைய காராக வாங்கி, நோயாளிகளை ஏற்றிப் போக வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். வெட்கத்தை விட்டு விசாரித்தேன். மனுஷன் கதவைத் திறந்துகொண்டு இறங்கியே வந்துவிட்டார்.

"ஒங்க வண்டியிலயுமாம்மா? டயாலிசிஸ் பண்றவரு ஒருத்தர வெச்சிகினு பாண்டிக்குப் போய்கினு இருக்கேன், வளைவுல கல்லு மாரி புடிச்சிக்கிச்சி. பழைய வண்டிய வாங்கி ஏமாந்துட்டோம்னு நெனச்சிகினு இருந்தேன்."

அன்று வந்த கோபம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அந்த மாடல் காரை எங்கே பார்த்தாலும் நிறுத்தி விசாரிக்க ஆரம்பித்தேன். ஒரு பேங்க் அதிகாரி, ஓய்வுபெற்ற இன்ஜினீயர் ஒருவர், இன்னும் சிலர் கிடைத்தார்கள். எல்லோருக்கும் இதே கதைதான். ஷோரூமில் சொன்ன காரணம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு ரோடு சரியில்லை, ஒருவருக்கு டயரில் காற்று குறைவு. எனக்கு, நான் பெண்!

ஒரு சனிக்கிழமை காலை எல்லோரும் சேர்ந்து போய் ஷோரூம் கேட்டை மறித்து வண்டிகளை நிறுத்தினோம். ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவும் மோட்டாரை மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் புது மோட்டார் சென்னையிலிருந்து வரவேண்டும், வாரக்கணக்காகும் என்றார் மேனேஜர். வரட்டும், காத்திருக்கிறோம் என்றோம். புதுக் கார் பார்க்க வந்த குடும்பங்கள் எங்களிடம் என்ன ஏதென்று கேட்க ஆரம்பித்தன. அவ்வளவுதான், மேனேஜர் உள்ளே போய் யாருக்கோ போன் போட்டார். திரும்பி வந்தபோது பேச்சே மாறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஸ்டோரிலிருந்து அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின.

"சென்னையிலேருந்து வரணும்னீங்களே?" என்று கேட்டேன்.

"ஸ்டாக் முன்னாடியே வந்திடுச்சி மேடம். கேட்டு வர்றவங்களுக்கு மட்டும் மாத்தச் சொல்லியிருக்காங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியென்றால் இவர்களுக்கு எல்லாம் தெரியும். "ஒரு பொண்ணு என் வண்டி முன்னாடி விழுந்து கெடந்தப்ப, இந்தப் பெட்டி இங்கதான் இருந்துச்சா?" என்றேன். அவர் செல்போனை எடுத்து நோண்டினார்.

அதோடு முடியவில்லை. வடக்குத்துக்காரர் முறை வந்ததும், "இது செகண்ட் ஓனர் வண்டி, இதுக்கு வராது" என்றார் மேனேஜர். அந்த மனிதர் யாரிடமும் சண்டை போடவில்லை. "நீங்க கெளம்புங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தன் வண்டிப் பக்கம் நடந்தார்.

அதற்குள் என் வண்டி தயாராகி, சாவி கையில் இருந்தது. நேராகப் போய் வண்டியை மறுபடியும் கேட்டுக்குக் குறுக்கே விட்டேன். "முதல் ஓனரா ரெண்டாவது ஓனரான்னு பாத்துட்டா சார் ஸ்டீயரிங் இறுகுது? அவர் வண்டில ஏறுறவங்க எல்லாம் உடம்பு முடியாதவங்க. அவருக்கு மாட்டுற வரைக்கும் நான் எடுக்க மாட்டேன்" என்று கத்தினேன். அப்படி நான் பொது இடத்தில் கத்தியதே இல்லை.

பேங்க் அதிகாரி தனக்கு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். மற்றவர்கள் நின்றார்கள். ஓய்வுபெற்ற இன்ஜினீயர் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து கேட் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் நாங்கள் அசையவில்லை. கடைசியில் வடக்குத்துக்காரர் வண்டிக்கும் மாற்றிக் கொடுத்தார்கள், ஏதோ பிச்சை போடுகிற முகத்தோடு.

ஜெயித்துவிட்டீர்கள் என்று அக்கம்பக்கத்தில் பாராட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கோ ஒரு ஊரில், என்னைப் போல ஒருத்தி தன் கைதான் சரியில்லை என்று நம்பி, பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைக்கும்போதெல்லாம் அந்தக் கோபம் புதிதாகவே வருகிறது. அது ஆறாமல் இருப்பதுதான் நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன்.