பின்பக்கத்துப் பட்டி

கண்ணை மூடி, காலைச் சேர்த்து வைத்து, எத்தனை நேரம் அசையாமல் நிற்பீர்கள்? நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் இதைக் கேட்பதுதான் என் பிழைப்பு. இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்குப் பெல்ட் கட்டி நிற்கவைத்து, விழுந்தால் பிடிக்கப் பின்னால் நிற்பேன். வீட்டிலும் நடை பழகும் மகளுக்குப் பின்னால் இப்படித்தான் நிற்பேன். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இந்தப் பதைப்பு புரியும்.

தொடாத கை

விரல் பட்டாலும் சோதனை கெட்டுவிடும். திருப்புறத்திலிருந்து வரும் ரிட்டையர்டு சார் ஒருவர் அரை நிமிஷம் சிலைபோல் நிற்பார். ஒருநாள் வெறுங்காலோடு ஓசையில்லாமல் ஓரடி விலகினேன். உடனே சாய்ந்தார், எட்டித் தாங்கினேன். கண் மூடியிருந்தவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"தொடாத கைக்கும் பலம் உண்டு, கேட்டியா."

நீலக்கோடு

பாறசாலைப் பக்கம், ஒரு பக்க இடுப்பு தேய்ந்த எஸ்தர் மாமி தனியாக இருக்கிறார். வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பேன். பாலராமபுரத்தில் துணிக்கடை வைத்திருந்த கணவர் போன வருஷம் இறந்துபோனார். துணையில்லாமல் நின்று காட்டினால் அம்மா அங்கேயே இருக்கலாம், இல்லையென்றால் வீட்டைப் பூட்டிப் பெங்களூருக்கு அழைத்துப்போவேன் என்று மகன் சொல்லிவிட்டார்.

பெல்ட்டின் முன்பட்டி மாமிக்கு எட்டும். பின்பக்கத்துப் பட்டிக்குக் கை போகாது. யாராவது வந்தால் அளவு பார்த்து ஒட்டட்டும் என்று நீலப் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தேன். மறுவாரம் போனபோது கோட்டில் இம்மி பிசகாமல் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு யாரும் வரவில்லையாம். பிறகு யார் கட்டியது?

"முப்பத்தெட்டு வருஷம் எனக்கு ஜாக்கெட்டுக்குப் பின்னால ஊக்கு போட்ட கையாக்கும்."

வீடியோ கால்

சோதனை நாளில் மகன் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். பிடிப்பதாகத் தெரியக்கூடாதென்று நான் நாலடி தள்ளி நின்றேன். மாமி கண்ணை மூடினார். பின்னால் சுவர் மட்டும்தான். திரும்பாமலே, அந்தச் சுவர்ப் பக்கமாகத் தணிந்த குரலில் சொன்னார்:

"நிங்க கொஞ்சம் அங்கோட்டு மாறி நில்லுங்க. பயலு பாக்கட்டு."

என் பக்கமாகக் காற்று நகர்ந்தது. கஞ்சி போட்ட புது வேட்டியின் மணம். மாமி தேய்ந்த பக்கமாகச் சாய்ந்தார். என் கை தானாக நீண்டது. தொட்டால் வீடு போய்விடும் என்று இழுத்துக்கொண்டேன். பெல்ட்டுக்குள் இடுப்பு மெல்ல நிமிர்ந்தது. அரை நிமிஷம், தன்னந்தனியாக நின்றார். சரிம்மா, அங்கேயே இருங்க என்று மகன் போனை வைத்தார்.

படிவத்தில் 'ஆள் துணை: இல்லை' என்று எழுதினேன். ஐந்து வருஷ வேலையில், எழுதிய உண்மையைத் திரும்பப் படித்துப் பார்த்தது அன்று மட்டும்தான். மாமி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. என் பக்கத்துக் காற்றிடம் சொன்னார்:

"மதி, போதும். இனி பிடிச்சுக்கிடுங்க."