வில்லுக்காரிக்குப் பிடிக்காத பதில்

“உனக்கு என்ன விருப்பம் எண்டு சொல்லன் புள்ள. சொன்னாத்தானே நான் செய்யலாம்” என்று ஜெயராஜா அண்ணன் கணினித் திரையைப் பார்த்துக் கேட்கிறார். திரையில், முதுகில் வில் மாட்டிய ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் காலடியில் மூன்று பதில்கள் ஆங்கிலத்தில் வரிசையாக நிற்கின்றன. அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், ஒவ்வொன்றையும் வாய்க்குள் உருட்டி வாசிக்கிறார். பக்கத்துக் கதிரையில் இருக்கும் எனக்குப் பொறுமை போகிறது. ஏதாவது ஒன்றை அமத்தித் தொலையுங்களேன் என்று வாய்வரை வருகிறது. அவருக்கோ அவசரமே கிடையாது. மூடி போட்ட கோப்பையில் தேநீர் ஆறிப்போய்க் கிடக்கிறது.

இது கணினியில் விளையாடும் ஒரு விளையாட்டு. ஒரு ஆளை நாமே உருவாக்கிக்கொண்டு, அந்த ஆளாக ஒரு கற்பனை நாட்டில் அலையலாம். நல்லவனாக இருக்கலாம், களவெடுக்கலாம், அரசனைக் காப்பாற்றலாம், மனம் வைத்தால் அரசனையே கொல்லலாம். வழியில் கூட்டாளிகள் சேருவார்கள். யார் என்ன கேட்டாலும் இன்னதைத்தான் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தச் சுதந்திரத்துக்காகத்தான் உலகம் முழுக்க இளசுகள் சோறு தண்ணீர் இல்லாமல் இதன் முன்னால் கிடக்கிறார்கள். இளசுகள் கிடக்கட்டும். அறுபதை எட்டிப் பிடிக்கப்போகும் ஒரு மனிதர், பிறிட்ஜ் என்கிற குளிர்சாதனப் பெட்டி திருத்துபவர், தன்னாமுனை என்ற எங்கள் ஊரில் வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இதன் முன்னால் கிடப்பதைத்தான் நான் எழுத வந்தேன். நான் அடுத்த வளவுக்காரன்.

பகலில் அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் குறடு, சாவி கிடக்கும் ஆயுதப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏறாவூர், பாசிக்குடா என்று திரிவார். பாசிக்குடா ஹோட்டல்களில் குளிரூட்டி கழுவப் போய்ப் போய்த்தான் அந்த ஆங்கிலத்தையும் பிடித்துக்கொண்டார். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் ஒரே பதில்தான்: “ஓம் ஓம், அதுவும் சரிதான்.” ஒருமுறை எங்கள் ஒழுங்கைக் கண்ணகை அக்கா வீட்டு பிறிட்ஜ் திடீரென்று நின்றுபோனது. அக்கா அதை நாவூறு என்றார். “புதுசு எடுத்த நேரம் பார்க்க வந்தவளுகள்ற கண் சும்மா இரிக்குமா?” “ஓம் ஓம், அதுவும் சரிதான்” என்ற இவர், அக்கா மிளகாயும் உப்பும் எடுத்து அதைச் சுற்றி அடுப்பில் போட்டு முடியும்வரை மரியாதையாக ஒதுங்கி நின்றார். பிறகுதான் பின்பக்கத்தைக் கழற்றினார். உள்ளே பல்லி செத்துக் கிடந்தது. அதை அவர் அக்காவுக்குக் காட்டவே இல்லை. இன்றைக்கும் அக்கா, மிளகாய் சுற்றித்தான் பிறிட்ஜ் ஓடியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். யாரோடும் முகம் கோணாத மனிதர் என்று அண்ணனுக்குப் பெயர். எனக்குச் சில நேரம் அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

விளையாட்டு மகள் றஜனியுடையது. கொரோனாக் காலத்தில் பல்கலைக்கழகம் மூடி வீட்டில் கிடந்தவள் நாள் முழுக்க விளையாடினாள். இவர் தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பார். றஜனி நினைத்ததைச் சொல்வாள், நினைத்தவனை வெட்டுவாள். கூட்டாளிகள் கோபித்துக்கொண்டு ஒவ்வொருவராக விட்டுப் போவார்கள். “எல்லாரும் போறாங்களே மகள்” என்று இவர் பதறினால், “போனாப் போகட்டும் அப்பா, இது என்ட கதை” என்பாளாம். இதை அண்ணன் எனக்குப் பல தடவை சொல்லிவிட்டார். சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பெருமையும் இருக்கும், கொஞ்சம் பயமும் இருக்கும்.

பிறகு அவருடைய மனைவி இமெல்டா அக்கா நோயில் போய்ச் சேர்ந்தார். றஜனி கல்யாணம் முடித்து மெல்பேர்னுக்குப் போனாள். வீட்டில் மிஞ்சியது இவரும் அந்தக் கணினியும். மகள் விட்ட இடத்திலிருந்து தொடரலாமே என்றேன். “அது அவட ஆள். அதுக்குள்ள நான் போய் இரிக்கிற சரியில்ல” என்று சொல்லி, முதலில் இருந்து தொடங்கினார். ராட்சதன் ஆகலாம், மந்திரவாதி ஆகலாம், இருபது வயது அழகியும் ஆகலாம். இந்த மனிதர் தேடித் தேடித் தன்னையே செய்தார். அந்த மூக்கைக் கொண்டுவரவே ஒரு கிழமை போனது. நரை கிடைத்தது, முன்வழுக்கை கிடைத்தது. “வண்டிதான் வைக்க ஏலாதாம் தம்பி” என்று தன் வயிற்றைத் தடவிக்கொண்டு கவலைப்பட்டார். பெயர் கேட்டதற்கு ஜெயராஜா என்று போட்டார். தொழில் கேட்டது. பிறிட்ஜ் திருத்துகிறவன் என்று ஒன்று அங்கே இல்லாதபடியால் கொல்லன் என்று போட்டார். உலகத்திலேயே இல்லாத நாட்டுக்குப் போயும் திருந்தாத சீவன்.

அந்த நாட்டில் அவருக்கு மூன்று கூட்டாளிகள்: வில்லுக்காரி, தாடிக்காரச் சாமியார், ஒரு கள்ளன். ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையாததால் இப்படித்தான் கூப்பிடுவார். நாம் எதைச் சொன்னாலும் திரையின் மூலையில் ஒரு சின்ன வரி தோன்றும். இன்னாருக்கு இது பிடித்தது, இன்னாருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காதது கூடிப்போனால் அந்த ஆள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார், பிறகு வரவே மாட்டார். அண்ணன் விளையாட்டில் வேறு எதையும் பார்ப்பதில்லை. காலடியில் புதையல் கிடந்தாலும் அவர் கண் அந்த மூலையில்தான் இருக்கும். பிடிக்கவில்லை என்று வந்துவிட்டால் போதும், சேமித்து வைத்த பழைய இடத்துக்குத் திரும்பிப் போய், அதே பேச்சை மறுபடி தொடங்கி, வேறு பதில் சொல்வார். “அவட முகம் மாறிட்டு, பார்த்தீங்களா?” என்பார் என்னிடம். எனக்கு ஒரு மாற்றமும் தெரிந்ததில்லை.

“அவ கிடக்கட்டும். உங்களுக்கு எதைச் சொல்ல விருப்பம் அண்ணன்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“விரும்பினதைச் சொல்லலாம்தான். சொன்னா அவ போயிருவா. மறுகா இந்த நெருப்புக்குப் பக்கத்தில ஆரு இரிக்கிற?”

அந்த நாட்டில் பொழுது பட்டதும் கூட்டாளிகள் தீ மூட்டிச் சுற்றி இருப்பார்கள். அண்ணன் தன் ஆளை ஒவ்வொருவரிடமும் நடத்திக்கொண்டு போய் நிறுத்துவார். அவர்கள் ஏற்கெனவே சொன்னதையே சொல்வார்கள், அதற்கு மேல் அவர்களிடம் பேச்சு இல்லை. இவர் முழுவதையும் கேட்டு முடித்துத்தான் அடுத்த ஆளிடம் போவார். கோயில் மணி அடித்ததும் கணினியை அணைப்பார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று கேட்பது, திருத்த வந்து முன் அறையில் நிற்கும் யாருடையதோ பிறிட்ஜ் விட்டு விட்டு முனகுவது மட்டும்தான். வேலை முடிந்த பிறகும் அவர் அதை உடனே திருப்பிக் கொடுப்பதில்லை. “ரெண்டு நாள் ஓட விட்டுப் பார்க்கவேணும்” என்பார். ரெண்டு நாள் பத்து நாளாகும். ஆட்கள் ஏசுவார்கள். அவர் எதற்காக அதை ஓட விடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அண்ணன் பெரியகல்லாற்றிலிருந்து அப்படி வந்தவர். வீடு இமெல்டா அக்காவுக்கு அவருடைய தாய் கொடுத்தது. றஜனி கல்யாணத்தோடு அது றஜனி பெயருக்குப் போனது. ஓடு மாற்றியது, கிணறு கட்டியது, வாவிப் பக்கச் சுவர் எழுப்பியது எல்லாம் இவர் கை. “முதல்ல மனிசிட வீடு. இப்ப மகள்ட வீடு. நான் இரிக்கிற ஆள்” என்று மனக்குறை ஒன்றும் இல்லாமல் சொல்வார். இங்கே ஆண்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். மகள் அந்த வீட்டிலேயே இருக்கும்வரை அதில் ஒரு கரைச்சலும் இல்லை.

றஜனி ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாள். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தவர், வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் போனை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருப்பார். போன மாதம் ஒரு ஞாயிறு அவள் கேட்டாள். “அப்பா, நாங்க இனி அங்க வந்து இரிக்கப் போறதில்ல. வீட்டை வித்தா என்ன? உங்களுக்கு டவுனுக்குள்ள நல்ல அறை ஒண்டு எடுத்துத் தாறன். நீங்க சொல்லுங்க, உங்களுக்கு எப்பிடி?” யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

றஜனி கெட்ட பிள்ளை அல்ல. அவள் பெயரில் இருக்கும் வீடு, கேட்காமலே விற்றிருக்கலாம். அதுதான் இவரைப் போட்டு வாட்டுகிறது. “கேக்கிறாளே தம்பி. நான் மாட்டன் எண்டா அவட முகம் மாறிரும். மறுகா ஞாயித்துக்கிழமை கோல் வருமா?”

அன்றிலிருந்து ஒரு புதுப் பழக்கம். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பும் அந்தக் குறியைப் பெருவிரலால் அமத்திக்கொண்டு பேசத் தொடங்குவார். விரலை எடுத்தால் பேசியது மகளுக்குப் போய்விடும். எடுக்காமல் இடப்பக்கம் இழுத்தால் அழிந்துவிடும். “மகள், அந்த வீட்டு விசயம்...” என்பார். “எனக்கு இஞ்ச...” என்பார். விரல் இடப்பக்கம் போய்விடும். பிறகு எழுத்தில், “சாப்பிட்டீங்களா மகள்” என்று அனுப்பிவிட்டு நிமிர்வார்.

“என்னண்ணன், அவ உங்கட மகள்தானே? பேசினா என்ன?” என்றேன் எரிச்சலோடு.

“ஓம் ஓம், அதுவும் சரிதான்” என்றார்.

இதற்கிடையில் விளையாட்டில் பாலம் வந்தது. பின்னால் எதிரிப் படை துரத்துகிறது. பாலத்தைக் கொளுத்திவிட்டால் தப்பலாம் என்கிறாள் வில்லுக்காரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமமே விடுபட்டுப் போகும், கொளுத்தக் கூடாது என்கிறார் தாடிக்காரர். முடிவைச் சொல் என்று இருவரும் அண்ணனைப் பார்க்கிறார்கள். அவர் செய்ததை அவர் ஒருவர்தான் செய்வார். வில்லுக்காரியிடம் தனியாகப் போய், ஓம் கொளுத்துவோம் என்றார். தாடிக்காரரிடம் தனியாகப் போய், ஓம் கொளுத்த வேண்டாம் என்றார். இருவருக்கும் பிடித்தது என்று மூலையில் வரி வந்தது. அன்று முழுக்க மனிதருக்குக் கால் நிலத்தில் படவில்லை. அடுத்த நாள் பாலத்தடியில் விளையாட்டு அவரைப் பிடித்துவிட்டது. இவருக்கு என்ன சொன்னாய், எனக்கு என்ன சொன்னாய் என்று வில்லுக்காரி எல்லார் முன்னாலும் கேட்டாள். இருவருக்குமே பிடிக்கவில்லை என்று வரி வந்தது. அண்ணன் பழைய இடத்துக்குத் திரும்பினார். மறுபடியும் இருவருக்கும் ஓம் சொன்னார், மறுபடியும் மாட்டினார். கிழமைக் கணக்கில் அந்தப் பாலத்தடியிலேயே கிடந்தார்.

“கொளுத்தவா, விடவா? உங்கட மனசில என்ன?” என்றேன்.

“கொளுத்தக் கூடாது.” இதற்கு மட்டும் அவருக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை. “ஆத்துக்கு அங்கால விடுபட்ட சனம் என்ன பாடு படும் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. ஆனா அதை அவளுக்குச் சொல்ல ஏலாதே.”

போன சனிக்கிழமை பின்னேரம் நான் போனபோது, போனை எடுத்து என்னிடம் நீட்டினார். றஜனி எழுதியிருந்தாள். வீட்டை வாங்க ஆள் வந்திருக்கிறதாம், நாளைக்கு அழைப்பாளாம், அப்பா முடிவைச் சொல்லவேண்டுமாம். நான் வாசித்து முடித்ததும் போனை மேசையில் வைத்துவிட்டு, கணினிக்கு முன்னால் போய் இருந்தார். பாலத்தடியில் வில்லுக்காரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூன்று பதில்கள் வந்தன. கொளுத்துவோம் என்பது முதலாவது. நீ சொல்கிறபடி செய்வோம் என்பது இரண்டாவது. மூன்றாவது, மாட்டேன், அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். வாய்க்குள் உருட்டி வாசிக்கும் மனிதர் அன்று வாசிக்கவில்லை. மூன்றாவதை அமத்தினார்.

பிடிக்கவில்லை என்று வரி வந்தது. வில்லுக்காரி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடந்து மறைந்தாள். அண்ணனின் விரல், பழைய இடத்துக்குத் திரும்பும் பொத்தானுக்கு மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். அங்கே பொழுது பட்டுத் தீ மூட்டியபோது அவள் இருக்கும் கல் வெறுமையாகக் கிடந்தது. தாடிக்காரர் வழக்கமான பேச்சைப் பேசினார். கள்ளன் இறைச்சி சுட்டான்.

“கதை நிக்கல்ல தம்பி” என்றார் அண்ணன். கண் கலங்கியிருந்தது. நான் கோப்பையைக் கழுவும் சாட்டில் குசினிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது போன் அவர் கையில் இருந்தது. பெருவிரல் குறியை அமத்தியிருந்தது. “மகள்” என்றார். “வீட்டை விக்க எனக்கு விருப்பமில்ல. நான் இஞ்சதான் இரிக்கப் போறன்.” பேசாமல் இருந்ததையும் போன் பதிந்துகொண்டே இருந்தது. முன் அறை பிறிட்ஜ் ஒருமுறை முனகி ஓய்ந்தது. விரல் இடப்பக்கம் கொஞ்சமாக நகர்ந்தது. நகர்ந்துவிட்ட விரலை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்றக் கையால் அந்தப் பெருவிரலைப் பிடித்து, மெல்ல மேலே தூக்கினார்.