வெனிலா பாட்டிலின் பின்பக்கம்

"படிச்ச பிள்ளைங்கிற, பாட்டிலுக்குப் பின்னாடி இருக்கிறதைப் படிக்கலையாம்மா?" என்றார் பழங்காநத்தம் எசன்ஸ் கடைக்காரர். எதையும் முகர்ந்து பார்த்தே விற்கும் ஒல்லி மனிதர்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஒரு முஸ்லிம் கல்யாணத்துக்கு, நிக்காஹ் வீட்டுக்கு, என் முதல் கேக் ஆர்டர். மாலையில் கொடுக்க வேண்டும். மாவில் ஊற்றிய வெனிலா எக்ஸ்ட்ராக்டில் அவர்கள் தொடாத ஆல்கஹால் இருப்பதை, யாருக்கு கேக் என்று சொல்லி இன்னொரு பாட்டில் கேட்டபோது அவர்தான் காட்டினார்.

"வேகும்போது ஆவியாப் போயிராதாண்ணே?" என்று கேட்டேன்.

"அம்புட்டும் போகாது. சாப்பிடுறது அவுக, நீயா முடிவு பண்ணுவ?" ஏலக்காய்ப் பொட்டலத்தை முகர்ந்து நீட்டினார். "இதைத் தட்டிப் போடு."

நான் சொல்லாமல் மறைக்க நினைத்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

கடை வாசலிலேயே மணப்பெண்ணின் அம்மாவுக்கு போன் செய்தேன். "அம்மா, நான் ஊத்துன வெனிலாவுல ஆல்கஹால் இருக்கு, கலந்த மாவைக் கொட்டிடுறேன். ஏலக்காய் கேக்கா கொண்டு வாரேன், ஒரு மணி நேரம் லேட்டாகும்."