வாசனை இல்லாத எண்ணெய்

கல்லறைத் திருநாளன்று (இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் 2) கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்தால் குளிக்காமல் அடுப்படிக்குள் நுழைவது எங்கள் வீட்டு வழக்கம் இல்லை. அன்றும் அப்பாவின் கல்லறையில் செவ்வந்திப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து குளித்தேன். சோப்புப் போடும்போது இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, கையில் ஒன்று தட்டுப்பட்டது. பட்டாணி அளவு இருக்கும். அழுத்தினால் வலிக்கவில்லை. வலித்திருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

நான் அறிவியல் டீச்சர். வலிக்காத கட்டியைப் பற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடமே நடத்தியிருக்கிறேன். ஆனாலும் அன்று குளியலறையில் நின்று, இது கொழுப்புக் கட்டிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாடம் நடத்துகிறவளுக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே.

இதை வாசிக்கிற நீங்கள் ஒருவேளை அப்படிப்பட்ட ஒரு கட்டியைத் தொட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம். நானும் ஒரு வாரம் சொல்லவில்லை. அந்த ஒரு வாரத்தில் கட்டி கரையவில்லை, நான்தான் கரைந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் என் கணவர் அருளப்பனே, "என்னம்மா, பள்ளிக்கூடத்துல யாரும் எதுவும் சொன்னாங்களா?" என்று கேட்டார். அவர் கையைப் பிடித்துக் கட்டியின் மேல் வைத்தேன். மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார், நட்சத்திர விளக்கும் சீரியல் பல்பும் சூடாக விற்கிற நேரம் அது.

மேமோகிராம் (மார்பை இரண்டு தகடுகளுக்கு நடுவில் அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். பிறகு பயாப்ஸி (ஊசியால் கட்டியிலிருந்து துளிச் சதை எடுத்துச் சோதிப்பது). முடிவு வந்த அன்று அறுவைச் சிகிச்சை மருத்துவர், எங்கள் மகள் வயது இருக்கும், காகிதத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார். "கேன்சர்தான் டீச்சர். கட்டி சின்னதுதான். ஆனா அக்குள் வரைக்கும் போயிருக்கான்னு ஆபரேஷன் பண்ணிப் பார்த்தாத்தான் தெரியும்."

அக்குளில் நிணநீர்க் கணுக்கள் (உடம்பின் கழிவை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) இருக்கின்றன. நோய் அங்கே எட்டிவிட்டதா இல்லையா என்பதில்தான் மீதி எல்லாம் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு வேறு கேள்வியே இல்லை. பஸ்ஸில் போனாலும், சட்னி அரைத்தாலும், எட்டிவிட்டதா, இல்லையா.

வீட்டுக்கு வந்ததும் அருளப்பன் ஒரு காரியம் செய்தார். டிசம்பரில் குடில் (இயேசு பிறந்த தொழுவத்தின் பொம்மைக் காட்சி) கட்டும்போது, ஆடுகள் மேய்வதற்குப் பச்சை வேண்டும் என்று தட்டில் மண் போட்டுக் கேப்பை (கேழ்வரகு) விதைப்போம். கிறிஸ்துமஸுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் விதைத்தால் சரியாக இருக்கும். அவரோ நவம்பர் முடிவதற்குள் நான்கு தட்டிலும் கேப்பையைத் தூவித் தண்ணீர் தெளித்துவிட்டார். "இப்பவே போட்டா கிறிஸ்துமஸுக்குள்ள கதிரே வந்துரும்" என்றேன். "வந்தா வரட்டும்" என்றார். அவருக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

திருவருகைக் காலம் (கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் வாரங்கள்) தொடங்கி இரண்டாவது வாரத்தில் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு படுக்கை உள்ள அறை. பக்கத்துப் படுக்கையில் சேவுகம்பட்டிப் பக்கம் பூ விவசாயம் பார்க்கிற பாண்டியம்மாள். கர்ப்பப்பையில் கட்டி, அவருக்கும் ஆபரேஷன். வந்த அன்றே என்னிடம், "டீச்சர், எத்தன கிலோ மல்லி எடுத்தேன் தெரியுமா, எம்புட்டு வேல கெடக்கு, இங்க வந்து படுக்கப் போட்டுட்டாய்ங்க" என்று சண்டைக்கு வருகிற மாதிரி பேசினார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் ரத்தம் எடுத்துப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் அருளப்பனை வெளியே கூப்பிட்டார். கதவில் கண்ணாடி உண்டு. அவர்கள் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. டாக்டர் கையை ஆட்டிப் பேசினார். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். முப்பது வருடத்தில் இந்த மனிதர் இப்படி நின்று நான் பார்த்தது, அவர் அம்மா இறந்த அன்றுதான்.

உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஆபரேஷன் நாளைக்கு இல்லையாம். நாளக்கழிச்சுப் பாக்கலாம்னு சொல்றாங்க" என்றார்.

"ஏன்?"

"சும்மாதான். செத்த நேரம் படு."

நம் குடும்பங்களில் நோயாளியிடம் விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். வராந்தாவில் பேசி முடித்துவிட்டு, உள்ளே வந்து சாத்துக்குடி உரிப்பார்கள். அப்பாவுக்கு நாங்களும் அதைத்தான் செய்தோம். அன்றைக்கு இவர் சாத்துக்குடிதான் உரித்தார். பரவிவிட்டது, அறுத்துப் பயனில்லை என்று சொல்லியிருக்கிறார்கள் என்றே முடிவுகட்டினேன். மகளுக்கு யார் சொல்வார்கள், அவள் கோவையிலிருந்து எப்போது கிளம்புவாள் என்பதுவரை யோசனை போய்விட்டது.

மாலையில் எங்கள் கோயில் பங்குத் தந்தை வந்தார். இளவயதுக்காரர், வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஒரு கையில் ஹெல்மெட், தோளில் கறுப்புப் பை. பையிலிருந்து சின்ன வெள்ளிச் சிமிழை எடுத்து மேசையில் வைத்தார்.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு அந்தச் சிமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயில் பூசுதல் என்று ஓர் அருட்சாதனம் (திருச்சடங்கு) உண்டு. குருவானவர் நோயாளியின் நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசி, சுகத்துக்காக மன்றாடுவார். ஆனால் எங்கள் வீடுகளில் அதற்குப் பழைய பெயர் அவஸ்தை. "அவஸ்தை கொடுத்தாச்சா?" என்று யாராவது கேட்டால், சவப்பெட்டிக்குச் சொல்லியாச்சா என்று கேட்பது மாதிரி. நோயில் பூசுதல் சாகிறவருக்கு மட்டும் இல்லை என்று கோயிலில் எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள். நானே மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் நான் கண்ணால் பார்த்தது இரண்டே முறை, அப்பாவுக்கும் மாமியாருக்கும். இரண்டு பேரும் மறுநாள் காலையைப் பார்க்கவில்லை. அந்த எண்ணெய்க்கு ஒரு வாசனை உண்டு என்று என் மூக்கு நினைவு வைத்திருந்தது. கனமான, குமட்டுகிற வாசனை.

சிமிழைப் பார்த்ததும் அது மூக்கில் ஏறிவிட்டது. "இப்ப வேணாம் ஃபாதர்" என்றேன்.

அவர் அருளப்பனைப் பார்த்தார். அருளப்பன், "நான்தான் பூசை முடிஞ்சதும் வரச் சொன்னேன். பெரிய ஆபரேஷன்ல..." என்று இழுத்தார்.

"எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க" என்றேன். கையிரண்டையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். பெரியவளாகி, பிள்ளை பெற்று, பிள்ளையைக் கட்டிக்கொடுத்தவள், ஊசிக்குப் பயந்த குழந்தை மாதிரி கையை ஒளித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஃபாதர் வற்புறுத்தவில்லை. "சரிங்கம்மா. நான் சும்மா கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பக்கத்துப் படுக்கையிலிருந்து பாண்டியம்மாள் எழுந்து உட்கார்ந்தார். "சாமி, டீச்சருக்கு வேணாம்னா அத எனக்கு வைங்க. எனக்கு நாளைக்கே ஆப்பரேசன்."

ஃபாதர் திகைத்துப்போனார். "இது ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்குக் கொடுக்குறதும்மா. உங்களுக்காக நான் ஜெபம் பண்றேன்."

"எண்ணெ இல்லாட்டிப் போகுது. கையத் தலையில நல்லா அழுத்தி வைங்க."

அவர் எழுந்து போய்ப் பாண்டியம்மாள் தலையில் கையை வைத்தார். அந்த அம்மாள் கண்ணை மூடி, கூந்தல் முடிச்சை ஒதுக்கி, வயலில் குனிகிற மாதிரி தலையை நன்றாகக் குனிந்துகொடுத்தார். ஜெபம் முடிந்து ஃபாதர் கையை எடுத்த பிறகும், "இன்னும் செத்த நேரம் இருக்கட்டும் சாமி" என்றார். மறுபடி வைத்தார்.

நான் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். பாண்டியம்மாள் சாவதற்கு வரவில்லை, பிழைத்துப்போய் மல்லி எடுக்க வந்திருக்கிறார். ஃபாதரைப் பார்த்ததும் அவருக்குத் தோன்றியது, பிழைக்க வைக்க ஒருத்தர் வந்திருக்கிறார் என்பதுதான். ஞானஸ்நானம் வாங்கி, நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கி, ஐம்பது வருடமாகக் கோயிலுக்குப் போகிற எனக்கு அது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது, பயமும் அப்படியே இருந்தது. நான் சாகப்போகிறேன் என்பதில் எனக்கு அப்போதும் சந்தேகமில்லை. சாகிறதாக இருந்தாலும் கையை ஒளித்துக்கொண்டு சாக வேண்டாம் என்று தோன்றியது. போர்வைக்குள்ளிருந்து இரண்டு கையையும் எடுத்து நீட்டினேன். "பூசுங்க ஃபாதர்" என்றேன்.

நெற்றியில் விரல் பட்டது. பிறகு உள்ளங்கைகளில். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அடக்க முடியாமல் இழுத்தபோது எந்த வாசனையும் வரவில்லை. கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். வெறும் எண்ணெய். சமையல் எண்ணெய்க்கு இருக்கிற வாடைகூட இல்லை. இத்தனை வருடமாக நான் அந்த எண்ணெயின் வாசனை என்று சுமந்துகொண்டிருந்தது அப்பாவின் அறையின் வாசனை. டெட்டாலும், அணைந்த மெழுகுவர்த்தியும், மாற்றாத துணியும். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர் என்று சொன்னேன். ஜெபம் என்று நான் அன்று சொன்னது அவ்வளவுதான். மனசுக்குள் ஒரு இடம் அமைதியாகிவிட்டது. மற்ற இடமெல்லாம் பயம்தான். ஆனால் உட்காருவதற்கு அந்த ஒரு இடம் கிடைத்தது.

ஃபாதர் போனதும் அருளப்பனைப் பிடித்துக்கொண்டேன். "இப்பச் சொல்லுங்க. டாக்டர் என்ன சொன்னாங்க?"

அவர் கதவைப் பார்த்தார், பாண்டியம்மாளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சர்க்கர கூடிருச்சாம். யாரு இனிப்புக் கொடுத்ததுன்னு கேட்டு அம்புட்டுப் பேரு முன்னாடியும் திட்டிட்டாங்க. சர்க்கர எறங்குனாத்தான் ஆபரேஷனாம்" என்றார்.

முந்தின நாள், வாய் கசக்கிறது என்று சொன்னேனே என்று கிறிஸ்துமஸுக்குச் சுட்ட முதல் ஈட்டு அதிரசத்தைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தவர் இவர்தான். சர்க்கரை நோய் இருக்கிறது என்று தெரிந்தும் நான் இரண்டு தின்றேன். என்னிடம் சொன்னால் நானும் திட்டுவேன் என்று பயந்து மறைத்திருக்கிறார். நான் அதற்குள் என் அடக்கப் பூசையின் பாட்டுவரை யோசித்து முடித்துவிட்டேன். பாண்டியம்மாள் படுக்கை குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

சர்க்கரை இறங்கியபின் மார்பை எடுத்தார்கள். கண் விழித்ததும் வலதுகை தானாக அங்கே போனது. தட்டையாக, கட்டுப் போட்டு, கனமாக இருந்தது. ஒன்று இல்லாத இடம் அவ்வளவு கனக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பாண்டியம்மாளுக்குச் சாதாரணக் கட்டி என்று முடிவு வந்து, அவர் சந்தோஷமாகக் கிளம்பிப் போனபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் அப்படி வரும்.

கணுக்களின் ரிப்போர்ட் கிறிஸ்துமஸ் கழித்துத்தான் வரும் என்றார்கள். அதுவரை எட்டிவிட்டதா, இல்லையா. கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கு ட்ரெயின் குழாயோடு (காயத்தில் ஊறும் நீரை வெளியே எடுக்கும் குழாய்) போனேன். அதன் புட்டியைத் துணிப்பையில் போட்டுப் புடவைக்குள் தொங்கவிட்டிருந்தேன். யாராவது இடித்துவிடுவார்களோ என்று கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி நின்றேன். வானதூதர் வருகிற இடத்தில் எல்லாம் முதலில் பயப்பட வேண்டாம் என்றுதான் சொல்கிறார் என்று சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அங்கே இருந்தவர்கள் பயந்துபோய் இருந்ததால்தான் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது என்று அன்றுதான் உறைத்தது. அந்தப் பிறப்பு பயந்தவர்கள் நடுவில்தான் நடந்தது. எனக்கும் அதில் இடம் உண்டு. எல்லோரும் பாடியபோது நானும் பாடிக்கொண்டிருந்தேன் என்பது பாதிப் பாட்டில்தான் எனக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் குடிலில் கேப்பை முழங்கால் உயரம். ஆடுகளைக் காணோம். ஒட்டகத்துக்குத் தலை மட்டும் தெரிகிறது. அருளப்பன் கத்தரிக்கோலை எடுத்து, முடிவெட்டுகிறவர் மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவு பார்த்து வெட்டினார். தையல் இழுக்கும் என்று மார்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நன்றாகச் சிரித்தேன். வெட்டிய பச்சை வாசனை அறை முழுக்க இருந்தது. குழந்தை இயேசுவை வலது கையால் நான்தான் வைத்தேன்.

இரண்டு கணுக்களில் நோய் இருந்தது. கீமோதெரபி (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை ரத்தத்தில் ஏற்றுவது) கொடுத்தார்கள். சாம்பல் புதனன்று (தவக்காலத்தின் முதல் நாள்) மொட்டைத் தலையோடு கோயிலில் போய் நின்றேன். அதற்குப் பிறகு கதிர்வீச்சு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பயந்தேன். இப்போதும் பரிசோதனைக்குப் பயந்துகொண்டுதான் போகிறேன். பயமே இல்லாமல் போகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். பயத்தோடு கையை நீட்டலாம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பாண்டியம்மாள் அவ்வப்போது போன் செய்து, "டீச்சர், அந்தச் சாமி நல்லா இருக்காரா?" என்று கேட்பார். நான் நன்றாக இருக்கிறேனா என்று அதற்குப் பிறகுதான் கேட்பார்.

இந்த வருடமும் கல்லறைக்குப் போய்வந்து குளித்தேன். கை அந்தத் தட்டையான இடத்துக்குப் போனது. முன்பு அது எடுக்கப்பட்ட இடமாக இருந்தது. இப்போது அது நான்தான். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது, நட்சத்திரத்தை அருளப்பன்தான் கட்டினார், நான் ஒயரைப் பிடித்துக்கொண்டேன். கேப்பை தூவுவதற்குக் கையைத் தூக்க வேண்டியதில்லை.

அடுத்த பரிசோதனை கிறிஸ்துமஸுக்கு மறுவாரம். முன்பெல்லாம் காலண்டரைப் பார்த்து அடுத்த ஜூன், அடுத்த பொதுத்தேர்வு என்று யோசிப்பேன். இப்போது அவ்வளவு தூரம் போவதில்லை. இன்று காலை தட்டில் கேப்பை வெள்ளையாக முளைவிட்டிருக்கிறது. நாளைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும்.