வலப்பக்கத்திலிருந்து பார்த்த சூரியன்

இன்றைக்குப் பதுளைக் கடைத்தெருவில் எனக்கு இரண்டு கடை. இரண்டுக்கும் ஓடு போட்டது நான்தான், வாப்பா விட்டுப் போனதில்லை. துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினவன் நான். அந்த நாளில் ஒரு துரையை நேருக்கு நேர் நிறுத்தி, ஒரு குடும்பத்தைத் தோட்டத்தில் இருக்கவைத்தேன். அந்தக் கதையை ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறார்கள். நடந்ததை நான் சொன்னால்தான் சரியாக வரும்.

என் படிப்பு பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதியதோடு முடிந்தது. அரபு எழுத்து வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போகும். தமிழையும் அந்த எழுத்திலேயே எழுதப் பழகினோம். இடப்பக்கம் தொடங்குகிற தமிழெழுத்தைப் பிற்காலத்தில் கடைப் பலகைகளைப் பார்த்து நானாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் என் கண்ணுக்கு முதலில் பழகின வழி வலதுதான்.

பசறைப் பாதையில் ஒரு தோட்டம். அங்கே பங்களாவில் சமைக்கிற அப்பு, துரை வாசித்துப் போட்ட சீமைப் பத்திரிகைகளை எனக்குத் தருவார். வளையலையும் சீப்பையும் அதில் சுற்றிக் கொடுப்பேன். தோட்டத்தில் என்னைப் போன்ற முஸ்லிம் யாவாரியை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் கொழுந்து பறிக்கிற ஒரு பெண் என்னிடம் வளையல் வாங்கினாள். வளையலைக் கையில் போட்டவள் தாளை விரித்துப் பார்த்தாள்.

"என்னாங்க நானா இது, சூரிய பகவானுக்கு மீச வச்சிருக்காங்க!"

பார்த்தேன். ஒரே வரிசையில் ஆறு படம். எல்லாவற்றிலும் சூரியன், வட்ட முகமும் முறுக்கின மீசையுமாக. சூரியனுக்குக் கீழே வெள்ளையாக ஒரு தடித்த ஆள், தொப்பியும் புகை பிடிக்கிற சுங்கானுமாக. மற்றவனாக இருந்தால் தெரியாது என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டியிருப்பான். நான் அவர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வாசலில் உட்கார்ந்து, வலப்பக்கப் படத்தில் விரலை வைத்தேன்.

"இங்க பாருங்க தங்கச்சி. முதல்ல ஆளே இல்ல. தரையில கொஞ்சம் தண்ணி. அதுல தொப்பியும் சுங்கானும் மிதக்குது. சூரியன் உச்சியில நின்னு பாடுபடுது. மொகத்தச் சுத்திச் சொட்டுச் சொட்டா போட்டிருக்கே, அது வேர்வ. அடுத்ததுல தண்ணி திரண்டு குவியலாச்சு. அப்புறம் வயிறு, அப்புறம் தல. கடசியில முழுத் தொர! வேல முடிஞ்சுது, சூரியன் மல பின்னால இறங்கிருச்சு."

"வாயிலருந்து முட்ட மாதிரி வருதே?"

"அப்புத்தளையில காலையில பேசினா வாயிலருந்து பொகை வராதா? சீமையில குளிர் அதவிட அதிகம். பேச்சோட எழுத்தும் சேந்து பொகையா வருது."

"கை ரெண்டும் குச்சியா இருக்கே நானா?"

"தொரமாருக்குக் கையால என்ன வேல? பிரம்பு புடிக்க அது போதும்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சோற்றுக் கஞ்சியைத் தடவி, அந்தத் தாளை அறைச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

வினை பக்கத்து அறைக்காரனால் வந்தது. மிஷன் பள்ளியில் கொஞ்சம் எழுத்துப் படித்தவன். அவன் இடப்பக்கம் தொடங்கிப் பார்த்தான். அப்படிப் பார்த்தால் கதை தலைகீழ். சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறது, துரை உருகி உருகித் தண்ணியாகிப் போகிறார்! லயம் முழுக்க இதே பேச்சு. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் துரை கழுத்து வேர்வையைத் துடைத்திருக்கிறார். அந்தத் தோட்டத்துத் துரையும் தடித்த ஆள்தான், வாயில் எந்நேரமும் சுங்கான். "உருகுறாருடி" என்று யாரோ சொல்ல, பறிக்கிற பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

பெரிய கங்காணி விசாரித்தார். சுவரிலிருந்து தாளைக் கிழியாமல் உரித்து எடுத்தார். "தொரயக் கேலி பண்றவங்களுக்கு இங்க எடமில்ல. புருசனும் பொஞ்சாதியும் பத்துச்சீட்ட வாங்கிட்டுப் போங்க" என்றார். பத்துச்சீட்டு என்றால் வேலையும் போச்சு, லயத்து அறையும் போச்சு.

அடுத்த தடவை நான் போனபோது அவள் சட்டிபானையைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். புருசன் பக்கத்தில் குந்தியிருந்தான். லயத்துக்குப் பின்னால் அவள் போட்ட அவரைப் பந்தல் அப்போதுதான் பூத்திருந்தது.

"நாங்க எங்கிட்டுப் போவோம் நானா? காய் கூட இன்னும் புடிக்கல."

"சாக்க அவுத்து வைங்க. நான் போய்ப் பேசிட்டு வாறேன்" என்றேன்.

துரையிடமா என்று புருசன் வாயைப் பிளந்தான். பிறகு யாரிடம்?

தேயிலை ஸ்டோர் வாசலில் கங்காணி மறித்தார். "நானா, யாவாரத்தப் பாருங்க. இல்லாட்டி நீங்களும் இந்தத் தோட்டத்துக்கு வர ஏலாது."

"வராட்டிப் போகுது. வேற தோட்டம் இல்லையா? அந்தப் படத்துக்கு அர்த்தம் சொன்னவன் நான். வேற ஆளு மாத்திச் சொன்னத வச்சு நீங்க ஆள வெரட்டுறீங்க." வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன். ஸ்டோருக்குள் இருந்த துரை வெளியே வந்தார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

"என்னா சத்தம்?"

கங்காணி தாளை நீட்டினார். அவர் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு படமாக, சூரியன் பட்ட பாட்டையெல்லாம் சொன்னேன். குச்சிக் கையை மட்டும் சொல்லவில்லை. நான் புத்தியுள்ளவன்.

துரை தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுங்கானை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

"இது தொர இல்ல. எங்க ஊர்ல புள்ளைங்க பனியில செய்யிற பொம்ம. வெயில் வந்தா உருகும். இடப்பக்கம் இருந்து பாக்கணும்."

பனியிலா? அப்புத்தளைப் பனியில் விடியற்காலையில் எத்தனை தடவை நடந்திருக்கிறேன்! கையை விட்டுத் துழாவினால் விரல் ஈரமாகுமே தவிர, ஒரு பிடி கூடக் கையில் நிற்காது. அதில் எப்படிப் பொம்மை பிடிப்பது? கங்காணி மட்டும் எல்லாம் தெரிந்தவர் மாதிரித் தலையை ஆட்டினார். துரை கௌரவத்துக்குச் சொல்கிறார் என்று நான் விட்டுவிட்டேன்.

துரை சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பினார். அங்கேதான் சாதாரண ஆள் சலாம் போட்டுவிட்டு வந்திருப்பான். சிரிப்பு வேறு, உத்தரவு வேறு. அது எனக்குத் தெரியும்.

"தொர, சிரிச்சீங்க, சந்தோசம். அந்தக் குடும்பம் இருக்கணுமா, போகணுமா? அதச் சொல்லாம நான் இந்த எடத்த விட்டு அசைய மாட்டேன்."

கங்காணிக்கு முகம் கறுத்துப்போனது. துரை நின்றார்.

"நீ எந்தப் பக்கம் இருந்து படிக்கிற ஆளு?"

"வலப்பக்கம், தொர. அந்தப் பக்கம் இருந்து பாத்தா உங்களுக்கும் நல்லது."

மறுபடி சிரிப்பு. பிறகு கங்காணியைப் பார்த்து, "இருக்கட்டும். சீட்டுக் குடுக்க வேணாம்" என்றார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன். கங்காணி பின்னால் வரவில்லை. அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். சாக்கை அவிழ்க்கவில்லை, முழுக்கக் கட்டவும் இல்லை.

"இருக்கச் சொல்லிட்டாரு" என்றேன்.

புருசன் எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் ஒரு பானையை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"படம் எங்க நானா?"

"தொர மடிச்சுப் பையில போட்டுக்கிட்டாரு. அது அவரு இல்லையாம், ஏதோ பொம்மையாம்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொம்மன்னா அவரு எதுக்கு நானா பையில போட்டுக்கிட்டாரு?"